வெயிலில் பழகிய வண்டி

உப்பு ஏற்ற வரும் லாரிக்காரர்கள், என் கையெழுத்து இருக்கும் சீட்டைப் பார்த்தால் மூட்டையை மறுபடி எடை போட மாட்டார்கள். மரக்காணத்தில் அந்த மரியாதை இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் காலமாகிவிட்டார். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்தக் கதை அந்தக் கையெழுத்தால் வந்த வினை.

சுனாமி வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கடல் கொண்டுவந்து போட்ட சேற்றைப் பாத்திகளிலிருந்து வழித்தெடுத்து, வரப்பு கட்டி, தரையை மிதித்து இறுக்கி, மறுபடி உப்பு விளைய வைப்பதற்குள் கோடையில் பாதி போய்விட்டது. மிச்ச வெயிலில் எடுக்கிற உப்புதான் அந்த வருஷத்துச் சாப்பாடு. மேற்கே பெருமுக்கல் மலைப் பக்கம் கையகல மேகம் எழும்பினாலும் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு எல்லோரும் அதையே பார்த்து நிற்போம்.

பாத்திகளைக் கவனித்துக்கொள்வது என் தம்பி ராஜவேல். எனக்குப் பதினெட்டு வருஷம் இளையவன். அடுத்தடுத்த வீடு. எனக்குப் பிள்ளை இல்லை. அவன் மகள் கலைமதிதான் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. ஊரிலேயே பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பாத்தியில் உப்பு வாரும் சவரியம்மாளின் மகள் சந்தியாவும் அதே வகுப்பு. இருவரும் ஒரே பெஞ்ச் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, அறிவியல் வாத்தியார் கௌதமன் தன் மொபெட்டை வரப்போரம் நிறுத்திவிட்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு தாள்.

"ஐயா, ஒரு கையெழுத்து வேணுங்க. ராஜவேல் சார் பாண்டிக்குப் போயிருக்காராம். இன்னிக்கே தபால்ல போட்டாவணும்."

"இன்னா தாளு அது?"

"திண்டிவனம் பக்கத்துல இஞ்சினியரிங் காலேஜ்ல ஸ்கூல் பசங்களுக்கு ரோபோ போட்டி வெக்கிறாங்க. நம்ம கலைமதியும் சந்தியாவும் ஒரு வண்டி செஞ்சிருக்காங்க. தரையில கறுப்புக் கோடு போட்டா, யாரும் தொடாம அதுவே கோட்டப் பாத்துப் போவும்."

"பாத்துப் போவுமா? கண்ணு இருக்குதா அதுக்கு?"

"இருக்குதுங்க."

தாளை வாங்கிப் படித்தேன். அடியில் தமிழில் அச்சிட்டிருந்தது: 'இந்த இயந்திரத்தை மேற்கண்ட மாணவிகளே தங்கள் கையால் செய்தார்கள் என்று உறுதி கூறுகிறேன். பெற்றோர் அல்லது காப்பாளர்.'

"நான் அந்த வண்டியக் கண்ணாலகூட பாக்கல. எதவெச்சி உறுதி கூறச் சொல்றீங்க வாத்தியாரே?"

அவர் சிரித்தார். "கிடங்குக்கு வாங்கய்யா. அங்கதான் வெச்சிருக்காங்க."

உப்புக் கிடங்குக்கு முன்னால் வெட்டவெளியில் ஒரு வெள்ளைப் படுதா விரித்திருந்தது. பழைய உப்பு மூட்டைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கோணி ஊசியால் தைத்தது. அதன்மேல் ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைப் பாம்பு போவதுபோல் வளைத்து ஒட்டியிருந்தார்கள். வெயில் பட்டு அந்தப் படுதா கண்ணைக் கூசவைத்தது. சந்தியா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக் குந்தியிருந்தாள். காலையில் அம்மாவோடு உப்பு வாரிவிட்டு அப்படியே வந்திருந்தாள். கால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக உப்பு.

வண்டி என்றார்களே தவிர ஒரு சோப்பு டப்பாதான். டேப்ரெக்கார்டரிலிருந்து கழற்றிய இரண்டு மோட்டார், மருந்து பாட்டில் மூடியில் சக்கரம், வயிற்றில் நான்கு பேட்டரி. முன்னால் தரையைப் பார்த்தபடி இரண்டு கண்கள்.

கலைமதி சுவிட்சைப் போட்டாள். அது சிறு முனகலோடு கிளம்பியது. வளைவு வந்ததும் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, கோட்டைக் கண்டுபிடித்துத் திரும்பியது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே அதன் பின்னால் நடந்தேன். கடைசி வளைவில் என் நிழல் அதன்மேல் விழுந்தபோது ஒரு கணம் தயங்கி நின்றது. நான் நகர்ந்ததும் மறுபடி ஓடியது.

அது எனக்குப் பயந்து நின்றது என்று சொல்லிச் சிரித்தோம். அப்போது யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

"யாரு செஞ்சது இத?"

"ரெண்டு பேரும்தான் பெரியப்பா. ஒயர ஒட்ட ஈயம் வெக்கிறது எல்லாம் சந்தியா. டிவி மெக்கானிக் அந்தோணிசாமி அண்ணன் கடையில குந்திக் கத்துக்கினா. நான் கணக்குப் பாத்து எந்தக் கண்ணுக்கு எந்த மோட்டாருன்னு சொன்னேன்."

"இதனால இன்னா ஆவும் வாத்தியாரே? மார்க் குடுப்பாங்களா?"

"மார்க் இல்லீங்க. மின்சாரம்னா மூணு பக்கம் மனப்பாடம் பண்ணி எழுதுறாங்க. ஒரு ஒயரு பிஞ்சிக்கினா தொடப் பயப்படுறாங்க. இதுங்க ரெண்டும் இந்த நாலு மாசத்துல அம்பது தடவ பிச்சிப் போட்டிருக்குங்க. பயம் போயிடுச்சி. அது போதும் எனக்கு."

மூட்டைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று அய்யனார் டீக்கடையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "எங்க வீட்டுப் பொண்ணு ஒரு வண்டி செஞ்சிருக்குது. ஆளில்லாம ஓடுது" என்றேன். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் அய்யனாரே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "கப்பு வரட்டும், அத நம்ம கடையிலதான் மொதல்ல வெக்கணும்" என்றார். வைக்கலாம் என்று நானும் சொன்னேன். சந்தியா பெயரை அந்தக் கடையில் ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை. அது வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது.

எங்கள் ஊர்க் காற்றில் சைக்கிள் செயினே ஆறு மாதம்தான் தாங்கும். சோப்பு டப்பாவைத் திறந்தால் உள்ளே சின்னப் பலகையில் இருந்த செம்புக் கோடெல்லாம் பச்சை பூத்திருந்தது. கலைமதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அம்மா விஜயலட்சுமி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"உருட்டிக்கினே இருக்காத, வாயில போடு. மிஷினுக்கு உடம்பு சரியில்லன்னா நீ ஏன்டி பட்டினி கெடக்கிற?"

"நாலு நாளுதாம்மா இருக்குது."

"இருந்தா இன்னா? ஓடலன்னா ஓடலன்னு சொல்லிட்டு வா. தலையையா சீவிடுவாங்க?"

"பெரியப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டாரு."

நான் அப்போது வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மறுபடி மாட்டிக்கொண்டு என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தோணிசாமி கடையில் பெட்ரோலும் பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துப் பச்சையைத் தேய்த்தெடுத்தார்கள். பிய்ந்த இடத்தில் சந்தியா புதிதாக ஈயம் வைத்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணி வெயிலில், அதே படுதாவில், வண்டி மறுபடி ஓடியது. ஆறு தடவை ஓடவிட்டார்கள். ஆறு தடவையும் ஓடியது.

ராஜவேலுக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு அட்டைப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

"பாண்டியில ஒரு பையன் புடிச்சேன் அண்ணே. காலேஜ்ல படிக்கிறவன். ரெடியா செஞ்சி விக்கிறான்."

பெட்டிக்குள் ஒரு வண்டி. நீலப் பலகை, கறுப்பு ரப்பர் சக்கரம், கடையில் வாங்கிய பொம்மைபோல் பளபளப்பு.

"எதுக்கு இது?"

"நாளைக்கி அது நின்னுடுச்சின்னா? நூறு பேரு முன்னாடி எம்பொண்ணு அழுதுகினு நிக்கணுமா? அய்யனாரு கடையில பெஞ்ச் தொடச்சி வெச்சிக்கினு உக்காந்திருக்கான், கப்பு வெக்க. யாரு சொன்னது அவனுக்கு? நானா சொன்னேன்?"

நான் பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.

"கேக்குறேன் இல்ல. நம்ம குடும்பத்து மானம் மானம்னு நீதான அண்ணே சொல்லுவ. இத எடுத்துக்கினு போனா மானம் நிக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

"கலைக்குத் தெரியுமா?"

"சொன்னேன். ஒண்ணும் சொல்லல. வேணாம்னும் சொல்லல."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. ஊர் முன்னால் தலைகுனிவது எனக்குப் பழக்கமில்லை. பெட்டியை வேண்டாம் என்று திருப்பித் தராமல் விட்டுவிட்டேன். அதை நான் இங்கே மறைக்கப்போவதில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் பாத்தி வழியாகப் போனேன். சவரியம்மாள் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தாள். மேற்கே மேகம் இருந்ததால் மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டுமென்று அவளே இரண்டு ஆளை அழைத்து வந்திருந்தாள்.

"நீயும் வரலியா சவரியம்மா? உம்பொண்ணு போவுது."

"உப்பு கரைஞ்சிடுங்கய்யா. நீங்க கூடப் போறீங்க இல்ல, எனக்கு இன்னா பயம்?" என்றாள், நிமிராமல்.

திண்டிவனம் பஸ்ஸில் கலைமதியும் சந்தியாவும் முன் சீட்டில். சோப்பு டப்பா வண்டியைப் படுதாவிலேயே சுற்றிச் சந்தியா மடியில் வைத்திருந்தாள். பின்னால் நானும் ராஜவேலும். எங்கள் நடுவில் ஒரு துணிப்பை. அதற்குள் அட்டைப் பெட்டி. கௌதமன் வாத்தியார் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தார். பையில் என்ன என்று அவர் கேட்கவில்லை. சாப்பாடு என்று நினைத்திருப்பார். பஸ் குலுங்கும்போதெல்லாம் சந்தியா படுதாவைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்து மூடினாள்.

காலேஜ் அரங்கம் பெரியது. ஜன்னல்களுக்கெல்லாம் திரை போட்டு, மேலே டியூப்லைட் எரிந்தது. நடுவில் வெள்ளைப் பலகை, அதில் கறுப்புக் கோடு. இருபது பள்ளிக்கூடம் இருக்கும். டை கட்டிய பிள்ளைகள், கூடவே பட்டுப் புடவை கட்டிய தாய்மார்கள். வாசலில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வண்டியை மேசைமேல் வைத்தால் ஒரு எண் ஒட்டித் தருவார். எண் ஒட்டியதைத்தான் ஓட்ட வேண்டும். மாற்றக் கூடாது.

எங்களுக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். வாத்தியார் குடிக்கத் தண்ணீர் தேடிப் போனார். ராஜவேல் பையிலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்தான்.

"கலை, இத வெய்யி."

கலைமதி என்னைப் பார்த்தாள். "அப்பா சொல்றதும் சரிதான் பெரியப்பா. நேத்து ஒரு சக்கரம் இழுத்துது."

சந்தியா படுதா மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் எதுவும் சொல்ல மாட்டாள். அவள் அம்மா எங்கள் பாத்தியில் நின்றுகொண்டிருக்கிறாள்.

மேசைமேல் தாள்களைக் கட்டாக வைத்திருந்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டி எங்கள் தாளை எடுத்து மேலே வைத்தார். நீல மையில் என் கையெழுத்து. லாரிச் சீட்டில் போடுகிற அதே கையெழுத்து, கடைசியில் அதே இழுப்பு.

"பொட்டிய உள்ள வெய்யிடா" என்றேன்.

"அண்ணே."

"என் கையெழுத்து அந்தப் பொட்டிமேல இல்ல. இந்தப் படுதாவுக்குள்ள இருக்கிறதப் பாத்துட்டுப் போட்டேன். வெய்யி உள்ள."

"நின்னுடுச்சின்னா நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றேன்."

பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டு, நானே பிடித்துக்கொண்டேன். சந்தியா படுதாவைப் பிரித்தாள்.

பார்வையாளர் வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஓடிய வண்டி என் மடியிலிருந்ததற்குக் கூடப்பிறந்ததுபோல் இருந்தது. அதே நீலப் பலகை, அதே ரப்பர் சக்கரம். நான்காவதும் அதுவே. ஒன்பதாவதும் அதுவே. யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றும் நன்றாக ஓடின. ராஜவேல் என் பக்கம் திரும்பாமலே, "பாத்தியா" என்றான்.

பதின்மூன்றாவது எண் எங்களுடையது. சந்தியா வண்டியைக் கோட்டின்மேல் வைத்தாள். கலைமதி சுவிட்சைப் போட்டாள். முனகல் கேட்டது. ஒரு சாண் போனது. நின்றது.

பின்வரிசையில் யாரோ, "சோப்பு கரைஞ்சிடுச்சி" என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

இரண்டாவது வாய்ப்புக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகினால் கண்ணின் பார்வை கூடும், குறையும். சந்தியா திருகினாள். அசையவில்லை. உப்புக் காற்றில் அது பிடித்துக்கொண்டிருந்தது. அழுத்தித் திருகியதில் தலை மழுங்கிப் போனது. வண்டியைக் கோட்டில் வைத்தார்கள். இந்தத் தடவை ஒரு சாண்கூடப் போகவில்லை.

"நேரம் முடிஞ்சிடுச்சிம்மா" என்றார் நடுவர். நாற்பது வயதுப் பெண். குரலில் கடுமை இல்லை. "ஏன் நின்னுதுன்னு தெரியுதா?"

"தெரியல மேடம்" என்றாள் கலைமதி.

என் மடியில் பை கனத்தது. நான் செய்தது சரியா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், சரி என்று சொல்ல என்னிடம் தெம்பில்லை. இரண்டு பிள்ளைகளை நூறு பேர் முன்னால் நிறுத்திச் சிரிப்புக்கு ஆளாக்கி, என் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ராஜவேல் எழுந்து வெளியே போய்விட்டான்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அரங்கத்துக்கு வெளியே கொடிக்கம்பத்துத் திட்டில் பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்தார்கள். விஜயலட்சுமி கட்டிக் கொடுத்த புளிச்சோறு பிரிக்காமல் கிடந்தது. வாத்தியார் என்னவோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தியா அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. படுதாவைத் தரையில் விரித்து, வண்டியை அதன்மேல் வைத்து, சும்மா சுவிட்சைப் போட்டாள்.

அது கிளம்பியது. வளைவில் நின்று தலையாட்டித் திரும்பியது.

"ஏய், ஓடுதுடி" என்றாள் கலைமதி.

சந்தியா எழுந்து வண்டிக்கும் சூரியனுக்கும் நடுவில் போய் நின்றாள். அவள் நிழல் விழுந்தது. வண்டி நின்றது. நகர்ந்தாள். ஓடியது. மறுபடி நிழல். நின்றது.

"அன்னிக்கி ஐயா நிழலுக்கும் இப்படித்தான நின்னுது" என்றாள். அன்று முழுவதும் அவள் என்னைப் பார்த்துப் பேசியது அதுதான். "வெயில்லியே கண்ண செட் பண்ணிட்டோம்டி. உள்ள டியூப்லைட்டுக்கு வெள்ளையும் அதுக்குக் கறுப்பாத்தான் தெரியும்."

நாங்கள் உப்பை வெயிலில் எடுக்கிறோம், வெயிலில் குவிக்கிறோம், வெயிலில் நின்றுதான் பேரம் பேசுகிறோம். ஒரு பொருள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வெளியே எடுத்து வரத்தான் எங்களுக்குத் தெரியும். நான்கு மாதத்தில் ஒருவருக்கும் அந்த வண்டியைக் கூரைக்குக் கீழே வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கலைமதி ஓடிப்போய் நடுவரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்று பார்த்தார். வண்டி படுதாவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. சந்தியா நிழலைப் போட்டுக் காட்டினாள். அவர் தட்டைத் திட்டில் வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, வண்டியைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார்.

"இந்த ஈயம் யார் வெச்சது?"

"இவதான் மேடம், சந்தியா" என்றாள் கலைமதி, நான் வாய் திறப்பதற்குள்.

"நல்லா வெச்சிருக்க. இத மார்க்குல சேக்க முடியாதும்மா, ரூல் அப்படி. அடுத்த வருஷம் வாங்க. கூரைக்குக் கீழ ஓடுதான்னு பாத்துட்டு வாங்க."

நீலப் பலகை வண்டி ஒன்றுக்குத்தான் கப்பு போனது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஊர் வந்து இறங்கும்போது மேகம் கலைந்திருந்தது, மழை பெய்யவில்லை. சவரியம்மாள் குவித்த உப்பின்மேல் கீற்றுப் போட்டு மூடியிருந்தது. ராஜவேல் பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பேசவில்லை. பையை மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

அய்யனார் கடையைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது. நான் நேராகவே போனேன். பெஞ்ச் துடைத்துத்தான் இருந்தது. நாலைந்து பேர் இருந்தார்கள்.

"இன்னா பெரியவரே, கையில ஒண்ணும் காணோம்? கப்பு லாரில வருதா?" என்றார் அய்யனார்.

"கப்பு இல்ல. ஒரு சாண் போயி நின்னுடுச்சி."

அய்யனார் பாய்லரை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வெயில்ல ஓடுது. நிழல்ல ஓடல. ஏன்னு அதுங்களே கண்டுபுடிச்சிடுச்சிங்க. எங்க வீட்டுப் பொண்ணும், சவரியம்மா பொண்ணு சந்தியாவும்." ஒரு டீ கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடித்தேன்.

அடுத்த ஆடியில் கௌதமன் வாத்தியார் மறுபடி தாளோடு வந்தார். இடையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியெல்லாம் ஒரே ஏரியாகி வடிந்திருந்தது. பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"கிடங்குக்கு நடங்க."

பிள்ளைகள் வெளியே படுதாவை விரிக்கப் போனார்கள். உள்ளே விரிக்கச் சொன்னேன். மூட்டைகளை நகர்த்தி இடம் செய்தார்கள். அந்த வருஷ வண்டியில் கண்களுக்கு நடுவில் தரையைக் காட்ட ஒரு சின்ன விளக்கு. இரண்டு கண்ணைச் சுற்றியும், வெளி வெளிச்சம் படாமல், பாவாடைபோல் கறுப்புத் துணி தொங்கியது. உடைந்த குடையிலிருந்து வெட்டியதாம். பலகைமேல் மெழுகு உருக்கி ஊற்றியிருந்தார்கள், உப்புக் காற்று ஏறாமல் இருக்க. ராஜவேல் வாசலில் வந்து நின்றான்.

"டேய், கதவ சாத்து" என்றேன்.

"உள்ள இருட்டா பூடும் அண்ணே."

"பூடட்டும்."

சாத்தினான். கிடங்கு இருண்டது. உப்பு வாசனையும் பிள்ளைகள் மூச்சு விடுகிற சத்தமும்தான். எங்கேயோ கலைமதி சுவிட்சைத் தட்டினாள். முனகல் எழுந்தது. வண்டியின் முதுகில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது. அது மெல்ல நகர்ந்தது. நின்றது. தலையாட்டித் திரும்பி மறுபடி நகர்ந்தது. மூட்டை அடுக்கின் ஓரமாகப் போய், வளைந்து, எதிர்ச் சுவர்வரை போய்ச் சேர்ந்தது.

"கதவத் தெறக்கட்டுங்களா ஐயா? இருட்டுல எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?" என்றாள் சந்தியா.

"இரு" என்றேன். "இன்னொரு தடவ உடு."